கேம்பர் வேனுக்குள் என்ன விளக்கு போடலாம்? பேட்டரியும் தாங்க வேண்டும், கண்ணும் உறுத்தக் கூடாது

சிறுகூடு:

எல்லோருக்கும் வணக்கம். பழைய கேம்பர் வேன் ஒன்று கைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. உள்ளே ஒரு படுக்கை, சின்ன அடுப்பு மேடை, மடக்கு மேசை, அவ்வளவுதான். நீளம் 3 மீட்டர், அகலம் 1.7 மீட்டர், நிமிர்ந்து நின்றால் தலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. கூரையில் ஜி4 (இரண்டு ஊசிக்கால் வைத்த சின்ன வகை) ஹாலஜன் பல்பு நான்கு, ஒவ்வொன்றும் 10 வாட். அடுப்பு மேடைக்கு மேலே 8 வாட் குழல் விளக்கு ஒன்று. பேட்டரி 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி (1 ஆம்பியர் வீதம் எடுத்தால் 100 மணி நேரம் வரும் கொள்ளளவு), ஈய அமில வகை. கூரை மேல் 100 வாட் சோலார் பலகை.

வெயில் அடிக்கிற வரைக்கும் ஒரு குறையும் இல்லை. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மேகம் மூடிவிட்டால் மூன்றாம் நாள் காலையில் பேட்டரி 11.9 வோல்ட் காட்டுகிறது. ஹாலஜன் பல்பைத் தொட்டால் கை சுடுகிறது, அப்படியென்றால் கரண்டைத் தின்பது அதுதானே என்று எல்லாவற்றையும் எல்இடிக்கு மாற்றப் போகிறேன். கூரை ஓரமாகச் சுற்றிலும் 9 மீட்டர் எல்இடி ஸ்ட்ரிப் (சின்னச் சின்ன எல்இடி பதித்த பட்டை) ஒட்டிவிட்டால் உள்ளே ஒரே சீராக வெளிச்சம் இருக்கும் என்று திட்டம். ஒரு வாட்டுக்கு அதிக லூமென், அதாவது அதிக வெளிச்சம், தருகிற ஸ்ட்ரிப்பாகப் பார்த்து வாங்கலாம் என்றிருக்கிறேன். நண்பர் ஒருவர், அதெல்லாம் எதற்கு, இன்வெர்ட்டர்தான் இருக்கிறதே, வீட்டு எல்இடி பல்பையே மாட்டிவிடு என்கிறார். எது சரி?

வயர்க்கட்டு:

முதலில் இன்வெர்ட்டர் யோசனையை ஓரமாக வைத்துவிடுங்கள் தம்பி. 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதைப் பல்புக்குள் இருக்கிற சின்ன சர்க்யூட் மறுபடி கீழே இறக்கி எல்இடிக்குக் கொடுக்கிறது. ஏற்றுவதிலும் இழப்பு, இறக்குவதிலும் இழப்பு. போதாததற்கு, இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி இருந்தாலே தனக்கென்று சில வாட் எடுத்துக்கொள்ளும். 5 வாட் பல்பு எரிய இன்வெர்ட்டருக்கு 7 வாட் போனால் என்ன லாபம்?

அடுத்தது ஸ்ட்ரிப். வாங்கும் முன் அட்டையில் மீட்டருக்கு எத்தனை வாட் என்று போட்டிருப்பதைப் படியுங்கள். மீட்டருக்கு 60 எல்இடி வைத்த 5050 (ஒவ்வொரு எல்இடியும் 5 மி.மீ. சதுரம்) ஸ்ட்ரிப் பெரும்பாலும் மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும். உங்கள் 9 மீட்டருக்குப் பெருக்கினால் கிட்டத்தட்ட 130 வாட். 12 வோல்ட்டில் அது சுமார் 10.8 ஆம்பியர். நான்கு மணி நேரம் எரித்தால் 43 ஆம்பியர்-மணி போய்விடும். ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது, அதாவது உங்களுக்குக் கையில் இருப்பது 50. ஒரே ராத்திரியில் முடிந்தது கதை.

இப்போது இருப்பதைக் கணக்குப் பாருங்கள். 40 வாட் ஹாலஜன் நான்கு மணி நேரம், 160 வாட்-மணி. குழல் விளக்கு இரண்டு மணி நேரம், 16. மொத்தம் 176, அதை 12-ஆல் வகுத்தால் 14.7 ஆம்பியர்-மணி. எல்இடி என்ற பெயரை நம்பி அந்த 14.7-ஐ 43 ஆக்கப் பார்க்கிறீர்கள். சிக்கனம் எல்இடி என்கிற சொல்லில் இல்லை, எத்தனை வாட் மாட்டுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

இன்னொன்று. 10 வாட் ஹாலஜன் பல்பு ஒன்று 120, 130 லூமென்தான் தரும். நான்கும் சேர்ந்து 500 பக்கம். நல்ல எல்இடி வாட்டுக்கு 90 லூமென் கொடுத்தாலும் அதே வெளிச்சத்துக்கு 6 வாட் போதும். அதிலிருந்து கணக்கை ஆரம்பியுங்கள்.

நிலாப்பயணி:

வயர்க்கட்டு அண்ணா சொன்ன கணக்கோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன், ஏனென்றால் நீங்கள் போட்டிருக்கிற திட்டத்தை அப்படியே செய்து முடித்து, ஒரு வருடம் அதற்குள் குடியிருந்தவள் நான்.

எனக்கும் அதே ஆசைதான், கூரையைச் சுற்றி வெளிச்சம். வாங்கியது 6,500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், குறைந்தால் மஞ்சள், ஏறினால் நீல வெள்ளை), பளிச்சென்ற வெள்ளை. முதல் நாள் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வேனுக்குள் நாம் பெரும்பாலும் உட்கார்ந்தோ படுத்தோதான் இருக்கிறோம். படுத்தால் நேராகப் பார்ப்பது கூரையைத்தான். கூரை தாழ்வாக இருப்பதால் ஸ்ட்ரிப்பின் ஒவ்வொரு புள்ளியும் கண்ணில் குத்தும். புத்தகத்தை விரித்தால் என் தலை நிழலே பக்கத்தின் மேல் விழும். காய்கறி நறுக்கப் போனால் முதுகுக்குப் பின்னால் இருந்து வெளிச்சம் வந்து, கத்தி இருக்கிற இடம் மட்டும் இருட்டு. அவ்வளவு வாட் எரிந்தும், எனக்கு வேண்டிய இடத்தில் வெளிச்சம் இல்லை.

அப்புறம்தான் புரிந்தது. சின்ன விளக்கை 1.5 மீட்டர் தூரத்தில் வைப்பதற்கும் அதையே 50 சென்டிமீட்டரில் வைப்பதற்கும் பக்கத்தின் மேல் விழும் வெளிச்சத்தில் ஒன்பது மடங்கு வித்தியாசம். தூரம் மூன்றில் ஒரு பங்கானால் வெளிச்சம் மும்மூன்று ஒன்பது மடங்காகும். வாட்டுக்கு 90 லூமெனா 110 லூமெனா என்று கடையில் நின்று யோசித்ததில் எனக்கு மிச்சமானது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. விளக்கைத் தலைமாட்டுக்கு இறக்கியதில் கிடைத்தது ஒன்பது மடங்கு. இப்போது படிக்க எனக்கு 1.5 வாட் விளக்கு ஒன்று போதும், பக்கம் முழுக்கத் தெளிவாகத் தெரியும், பக்கத்தில் தூங்குகிறவருக்கும் தொந்தரவில்லை.

அதனால் ஒன்று செய்யுங்கள். கடைக்குப் போகும் முன் ஒரு ராத்திரி வேனுக்குள் கைவிளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். எங்கே படிப்பீர்கள், எங்கே சமைப்பீர்கள், எங்கே உடை மாற்றுவீர்கள், செருப்பை எங்கே தேடுவீர்கள் என்று ஒவ்வொரு இடமாகக் கைவிளக்கைப் பிடித்துப் பாருங்கள். எந்தக் கோணத்தில் பிடித்தால் கண்ணில் படாமல் கையில் மட்டும் படுகிறதோ அங்கே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நான் கடைசியில் ஐந்து இடம்தான் குறித்தேன்.

சிறுகூடு:

அக்கா, நேற்று ராத்திரியே கைவிளக்கோடு உட்கார்ந்து பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்னது அப்படியே சரி. அடுப்பு மேடைக்கு மேல் அலமாரியின் அடிப்பக்கம், முன் விளிம்பை ஒட்டிப் பிடித்தால் மேடை முழுவதும் நிழலே இல்லாமல் தெரிகிறது. நான் மனதில் வைத்திருந்ததோ பின்சுவர்.

ஆனால் இன்னொரு சந்தேகம். ஸ்ட்ரிப் திட்டத்துக்கு முன்பே சும்மா சோதித்துப் பார்க்க, ஹாலஜன் இருந்த இடத்தில் ஜி4 எல்இடி இரண்டு வாங்கிப் போட்டேன். அட்டையில் 12 வோல்ட் என்றுதான் போட்டிருந்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஒன்று மினுக்க ஆரம்பித்தது, மற்றது அடியோடு போய்விட்டது. எல்இடி 25,000 மணி நேரம் உழைக்கும் என்கிறார்களே, எங்கே தப்பு?

வயர்க்கட்டு:

ஒன்று கேட்கிறேன். அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்ததா, இல்லை சோலார் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்ததா?

சிறுகூடு:

இரண்டும் உண்டு. அடுப்பு மேடைப் பக்கம் பகலிலும் கொஞ்சம் இருட்டுதான், அதனால் பகலிலும் போட்டு வைப்பேன். சாயங்காலம் வண்டி ஓட்டும்போதும் பின்னால் ஒரு விளக்கு எரியும்.

வயர்க்கட்டு:

அதுதான் காரணம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், வேனுக்கு எல்இடி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

12 வோல்ட் பேட்டரி என்பது பெயருக்குத்தான். காலியாகும்போது 11.8 இருக்கும், நிறைந்து ஓய்வில் இருந்தால் 12.7. சார்ஜ் ஏறும்போது 14.4, சில நேரம் 14.6 வரை போகும். ஹாலஜனுக்கு இந்த ஏற்ற இறக்கம் ஓரளவு தாங்கும். எல்இடி அப்படியல்ல. மலிவான ஸ்ட்ரிப்பிலும் பல்பிலும் மூன்று எல்இடியைத் தொடராக இணைத்து, கூட ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், வேறு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. ரெசிஸ்டர் 150 ஓம் என்று வையுங்கள். 12 வோல்ட்டில் மூன்று எல்இடியும் சேர்ந்து 9.3 வோல்ட் பிடித்துக்கொள்ளும், மிச்சம் 2.7 வோல்ட் ரெசிஸ்டர் மேல் விழும், 18 மில்லி ஆம்பியர் ஓடும். நல்லது. இப்போது 14.4 வோல்ட் வருகிறது. எல்இடிகள் கொஞ்சம்தான் கூட எடுக்கும், 9.6 என்று வையுங்கள். மிச்சம் 4.8 வோல்ட் முழுக்க ரெசிஸ்டர் மேல் விழும், 32 மில்லி ஆம்பியர். வோல்ட் ஏறியது 20 சதவீதம், கரண்ட் ஏறியது 75 சதவீதத்துக்கும் மேல், ரெசிஸ்டரில் சூடு மூன்று மடங்கு. அந்தச் சூட்டை விரல் நகம் அளவு பல்பு எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? அதனால்தான் இரண்டு வாரம்.

25,000 மணி நேரம் என்பது சரியான கரண்டில், சூடு வெளியேற வழி இருந்தால் மட்டும்.

தீர்வு இரண்டு. எளிது, அட்டையில் 10–30 வோல்ட் என்றோ 9–32 வோல்ட் என்றோ போட்டிருக்கிற விளக்கை வாங்குவது. அதற்குள் கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் இருக்கும். பேட்டரி 11.8 ஆனாலும் 14.6 ஆனாலும் ஒரே வெளிச்சம், ஒரே செலவு. கூரை விளக்கு, படிக்கும் விளக்கு எல்லாம் இந்த வகையில் எடுங்கள். ஸ்ட்ரிப்புக்கு அப்படிக் கிடைப்பது கஷ்டம், அதற்கு முன்னால் 12 வோல்ட்டில் நிலையாக நிறுத்துகிற சின்ன கன்வெர்ட்டர் ஒன்று வையுங்கள். ஏற்றவும் இறக்கவும் தெரிந்த வகையாக இருந்தால் நல்லது, இறக்க மட்டும் தெரிந்ததாக இருந்தால் பேட்டரி 12-ஐ ஒட்டி வரும்போது வெளிச்சம் லேசாக மங்கும், வேறு கேடு இல்லை. முக்கியமாக, சுவிட்ச் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் அல்ல. இல்லாவிட்டால் விளக்கு அணைந்திருந்தாலும் கன்வெர்ட்டர் இருபத்து நான்கு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும்.

குழல்_விரும்பி:

குழல் விளக்கை ஏன் கழற்ற வேண்டும்? 12 வோல்ட் 8 வாட் குழல் விளக்கு வாட்டுக்கு 40, 50 லூமென் தருகிறதே, ஹாலஜனைவிட மூன்று மடங்கு. என்னுடையது பல வருடமாக ஓடுகிறது.

வயர்க்கட்டு:

ஓடுகிற வரை ஓடட்டும், அதில் தவறே இல்லை. ஆனால் போன பிறகு புதிதாக அதையே தேடி வாங்க வேண்டாம். பேட்டரி இறங்கும்போது குழலின் இரண்டு முனையும் கறுத்துக்கொண்டே வரும், குளிரில் தயங்கித் தயங்கி எரியும், உள்ளே பாதரசம் இருப்பதால் உடைந்தால் அந்தச் சின்ன இடத்துக்குள் நன்றாகக் காற்றாடவிட்டு, கவனமாகத் துடைத்து எடுக்க வேண்டும். முக்கியமாக, பாதி வெளிச்சம் வேண்டுமென்றால் அதில் முடியாது.

அலைவரிசை:

விளக்கு வாங்கும்போது யாரும் பார்க்காத ஒன்றை நான் சொல்கிறேன். எனக்கு வானொலி கேட்காமல் ராத்திரி போகாது. புது எல்இடி மாட்டிய அன்று ராத்திரி எஃப்எம்மைத் திருகினால் தூரத்து நிலையங்கள் எல்லாம் காணாமல் போய் வெறும் இரைச்சல். விளக்கை அணைத்தால் பாட்டு, போட்டால் இரைச்சல். அண்ணா சொன்ன டிரைவர் சர்க்யூட் வினாடிக்குப் பல்லாயிரக்கணக்கான முறை அணைந்து எரிகிற வகை. மலிவானதில் வடிகட்டி வைக்க மாட்டார்கள், வயர் முழுவதும் ஆன்டெனா ஆகிவிடும்.

விளக்கை ஒட்டுவதற்கு முன்பே சோதித்துப் பாருங்கள். பேட்டரியில் நேராக இணைத்து, பக்கத்தில் சின்ன ரேடியோவில் மங்கலாகக் கேட்கிற ஒரு நிலையத்தை வைத்து, விளக்கைப் போட்டு அணைத்துப் பார்க்க வேண்டும். இரைச்சல் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள் ஃபெரைட் வளையம் (இரைச்சலை அடக்கும் காந்தப் பொருள் வளையம்) வாங்கி, விளக்குக்கு ஒட்டிய இடத்தில் இரண்டு வயரையும் சேர்த்து மூன்று நான்கு சுற்று சுற்றிப் பாருங்கள். எனக்கு ஐந்தில் நான்கு விளக்கு அதிலேயே அடங்கியது, ஒன்றை மாற்ற வேண்டியதாயிற்று.

நிலாப்பயணி:

நிறத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. சிறுகூடு, 6,500 கெல்வின் பக்கமே போகாதீர்கள். வாட்டுக்கு லூமென் அதில் கொஞ்சம் கூடத்தான், அந்த எண்ணைப் பார்த்துத்தான் நானும் விழுந்தேன். எல்இடியின் வெள்ளை என்பது நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் (ஒளிரும் பொடி) பூசி வருவது. நீல எல்இடியைச் சாத்தியமாக்கியதற்காகத்தான் அகாசகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். குளிர்ந்த வெள்ளையில் அந்த நீலம் அதிகம். ராத்திரியில் நீலம் கண்ணில் படப்பட, இன்னும் பகல்தான் என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது, தூக்கம் தள்ளிப்போகிறது. வேனில் விளக்குக்கும் தலையணைக்கும் ஒரு மீட்டர்தான் தூரம். படுக்கைப் பக்கம் 2,700 கெல்வின், சமையல் பக்கம் வேண்டுமானால் 4,000 வரை போகலாம்.

அட்டையில் சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கும், நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதற்கு. 90-க்கு மேல் எடுங்கள். நான் முதலில் வாங்கியதில் அந்த எண்ணே போடவில்லை. ஒரு ராத்திரி தண்ணீர் பம்ப் ஓடவில்லை, ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தால் சிவப்பு வயரும் பழுப்பு வயரும் எனக்கு ஒரே நிறமாகத் தெரிகிறது. கைவிளக்கு எடுத்துப் பார்த்த பிறகுதான் நான் கழற்ற இருந்தது தப்பான வயர் என்று தெரிந்தது. கையில் முள் ஏறினாலும், தோலில் தடிப்பு வந்தாலும் இதே தொல்லைதான், சிவப்பு தெரியாத வெளிச்சத்தில் ஒன்றும் பார்க்க முடியாது. இதற்காக வாட்டுக்குப் பத்து லூமென் குறைந்தாலும் பரவாயில்லை.

இன்னும் ஒன்று, தரையை ஒட்டி சிவப்போ அம்பரோ (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) 0.2 வாட் விளக்கு ஒன்று வையுங்கள். நடு ராத்திரி எழுந்து போக அது போதும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், வெள்ளை விளக்கு ஒரு வினாடியில் அதைக் கெடுத்துவிடும், மங்கலான சிவப்பு கெடுக்காது. கதவு திறந்திருக்கும்போது அம்பர் நிறத்துக்குப் பூச்சிகளும் குறைவாகத்தான் வரும்.

சிறுகூடு:

எல்லாம் குறித்துக்கொண்டேன். டிம்மர் வைத்தால் உண்மையிலேயே கரண்ட் மிச்சமா, இல்லை வெளிச்சம் மட்டும் குறைந்து செலவு அப்படியே இருக்குமா?

வயர்க்கட்டு:

மிச்சம்தான். எல்இடிக்கான டிம்மர், கரண்டை வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறையோ ஆயிரக்கணக்கான முறையோ வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. கால்வாசி நேரம் மட்டும் எரிந்தால் செலவும் ஏறக்குறைய கால்வாசிதான். ஆனால் நம் கண் அப்படி அளப்பதில்லை, கால்வாசி வெளிச்சம் நமக்குப் பாதி போலத்தான் தெரியும். அதனால் டிம்மரைப் போல மிச்சம் பிடித்துக் கொடுப்பது வேறு எதுவும் இல்லை. மூன்று வாட் விளக்கை முக்கால்வாசி இறக்கி வைத்துக்கொண்டு அரட்டை அடிக்கலாம், யாருக்கும் குறையாகத் தெரியாது.

வெட்டும் வேகம் குறைவாக இருந்தால் கண் எரியும், சிலருக்குத் தலைவலி வரும். விளக்கைப் பாதிக்கு இறக்கி வைத்து, அதன் அடியில் ஒரு பேனாவை வேகமாக ஆட்டிப் பாருங்கள். பேனா ஒரே மங்கலான கோடாகத் தெரிந்தால் நல்ல டிம்மர். தனித்தனியாக ஐந்தாறு பேனா விசிறி மாதிரி தெரிந்தால் அதை வாங்க வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை, டிரைவர் வைத்த 10–30 வோல்ட் விளக்குக்கு முன்னால் இந்த டிம்மரை மாட்டினால் பல விளக்குகள் மினுக்கும், சில கெட்டே போகும். டிம் செய்யலாம் என்று அட்டையில் எழுதியிருக்கிறதா பாருங்கள், அல்லது விளக்கிலேயே தொட்டால் மங்குகிற வகையாக வாங்குங்கள்.

புதுச்சக்கரம்:

நானும் இதையே செய்துகொண்டிருக்கிறேன். எல்இடி எல்லாம் அரை ஆம்பியர்கூட எடுக்கவில்லையே, பேட்டரியிலிருந்து மெல்லிய ஸ்பீக்கர் வயரை நேராக இழுத்துவிட்டேன், ஃபியூஸ் போடவில்லை. நன்றாகத்தான் எரிகிறது. இதில் என்ன ஆகிவிடப் போகிறது?

வயர்க்கட்டு:

தயவு செய்து இன்றைக்கே கழற்றுங்கள். ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. விளக்கு அரை ஆம்பியர் எடுக்கலாம், ஆனால் வண்டி குலுங்கிக் குலுங்கி வயர் எங்காவது தகரத்தின் விளிம்பில் உரசித் தோல் கிழிந்தால், பேட்டரி அந்த இடத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். மெல்லிய வயர் சில வினாடிகளில் சிவந்துபோகும். அது ஓடுகிற இடம் எது? மரப் பலகைக்கும் பஞ்சுக்கும் பின்னால், நீங்கள் தூங்குகிற இடத்துக்கு அருகில்.

0.75 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், பல இழை முறுக்கியது, போடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் ஃபியூஸ். தகரத்தில் ஓட்டை போட்டு வயர் போகும் இடத்தில் எல்லாம் ரப்பர் வளையம். முனைகளை ஈயம் உருக்கிப் பற்ற வைக்காமல் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது உலோக முனையில் வைத்து நசுக்கி இறுக்குங்கள், ஓடுகிற வண்டியில் பற்ற வைத்த இடத்தின் ஓரம் விறைத்து, நாளடைவில் அங்கேயே ஒடியும். வயரின் தடிமனில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, 5 மீட்டர் போய்த் திரும்பினால் 10 மீட்டர், 1.5 ஆம்பியர் ஓடினால் இந்த வயரில் 0.35 வோல்ட் வழியிலேயே போகும். டிரைவர் வைத்த விளக்குக்கு அது பொருட்டில்லை, ஸ்ட்ரிப்புக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் எடுங்கள்.

புதுச்சக்கரம்:

கழற்றிவிட்டேன். கதவு ஓரத்தில் வயரின் தோல் ஏற்கெனவே பாதி தேய்ந்திருந்தது. நன்றி அண்ணா.

மெதுவண்டி:

எல்லோரும் விளக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். என் கேள்வி வேறு. சிறுகூட்டின் விளக்குச் செலவு ஒரு ராத்திரிக்கு 14.7 ஆம்பியர்-மணி என்று மேலே கணக்குப் போட்டாயிற்று. இரண்டு நாளைக்கு 29. மேகம் இருந்தாலும் பலகை கொஞ்சமாவது கொடுத்திருக்கும். அப்படியானால் பேட்டரி 11.9-க்கு, அதாவது பாதிக்கும் கீழே, போனது எப்படி? குளிர்பெட்டி இருக்கிறதா? கம்ப்ரஸர் குளிர்பெட்டி ஒன்றே நாளைக்கு 30, 40 ஆம்பியர்-மணி எடுக்கும்.

குளிர்பெட்டி இல்லையென்றால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மல்டிமீட்டரைத் தொடராக வையுங்கள். 10 ஆம்பியர் துளையில் சொருக வேண்டும், மில்லி ஆம்பியர் துளையில் சொருகினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். சோலார் பலகையை முதலில் பிரித்துவிடுங்கள்.

சிறுகூடு:

குளிர்பெட்டி இல்லை. நீங்கள் சொன்னபடி மீட்டர் வைத்தேன். எல்லா விளக்கும் அணைந்திருக்க, மீட்டர் 0.61 ஆம்பியர் காட்டியது. நம்பாமல் இரண்டு முறை கழற்றி மாட்டினேன். அப்புறம் ஒவ்வொரு ஃபியூஸாக உருவிக்கொண்டே வந்தேன். கடைசி ஃபியூஸை உருவியதும் மீட்டர் 0.01-க்கு விழுந்தது. அது இன்வெர்ட்டரின் ஃபியூஸ். போன் சார்ஜ் போட வசதியாக இருக்கிறதே என்று நான் அதை அணைத்ததே இல்லை, படுக்கைக்கு அடியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அந்தப் பச்சை வெளிச்சத்தை ராத்திரி எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

மெதுவண்டி:

0.6-ஐ 24-ஆல் பெருக்குங்கள், 14.4 ஆம்பியர்-மணி. உங்கள் விளக்கு எல்லாம் சேர்ந்து தின்றதும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். போனுக்கு 12 வோல்ட்டில் நேராக ஓடுகிற யுஎஸ்பி சாக்கெட் ஒன்று வைத்துக்கொண்டு, இன்வெர்ட்டரை வேண்டும்போது மட்டும் போடுங்கள்.

அப்படியே, வைஃபையில் இயங்குகிற விளக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் யோசித்து வாங்குங்கள். 40 மில்லி ஆம்பியர் என்பது சின்ன எண், ஆனால் அது தூங்குவதே இல்லை, நாளைக்கு 1 ஆம்பியர்-மணி போகும். சாதாரண சுவிட்ச் எதையும் எடுக்காது.

சிறுகூடு:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். வேலை முடிந்தது, அளந்தும் பார்த்துவிட்டேன், எண்களோடு எழுதுகிறேன்.

கூரையில் 10–30 வோல்ட் விளக்கு இரண்டே இரண்டு, 3 வாட் வீதம், 2,700 கெல்வின், தொட்டால் மங்குகிற வகை. கதவுப் பக்கம் ஒரு சுவிட்ச், படுக்கையில் ஒரு சுவிட்ச், எதில் வேண்டுமானாலும் போடலாம் அணைக்கலாம். இது நானே யோசித்துச் செய்தது, படுத்த பிறகு எழுந்து போய் அணைக்க சோம்பல்பட்டு விளக்கை எரியவிடுவது நின்றுவிட்டது. கூரை கறுப்பு மரமாக இருந்தது, அதற்கு மட்டும் வெள்ளை அடித்தேன், ஒரு விளக்கு போட்டாலே முன்பு இரண்டு போட்டது போல இருக்கிறது. அலமாரிக்கு அடியில் முன் விளிம்பில் அரை மீட்டர் ஸ்ட்ரிப், 2.4 வாட், 4,000 கெல்வின், முன்னால் கன்வெர்ட்டர், அதற்கு முன்னால் சுவிட்ச். தலைமாட்டில் 1.5 வாட் படிக்கும் விளக்கு இரண்டு. படிக்கட்டு ஓரம் அம்பர் 0.2 வாட். ஒன்பது மீட்டர் ஸ்ட்ரிப் வாங்க இருந்தவன் கடைசியில் ஒட்டியது அரை மீட்டர்.

ஒரு சாதாரண சாயங்காலம் சமையல் ஒன்றரை மணி நேரம், கூரை விளக்கு ஒரு மணி நேரம் முழு வெளிச்சத்தில், இன்னும் இரண்டரை மணி நேரம் கால்வாசியில், இருவரும் ஒன்றரை மணி நேரம் படிப்பது, அம்பர் விடியும் வரை. கூட்டினால் 20 வாட்-மணிக்கு உள்ளே, 1.6 ஆம்பியர்-மணி. முன்பு 14.7. போன வாரம் மூன்று நாள் தொடர்ந்து மேகம், நான்காம் நாள் காலையில் எழுந்ததும் மீட்டரைத்தான் பார்த்தேன், 12.4.

அலைவரிசை சொன்ன ரேடியோ சோதனையில் படிக்கும் விளக்கு ஒன்று தோற்றது, ஒட்டுவதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரே குறை, அந்த அரை மீட்டர் ஸ்ட்ரிப்பின் வலது முனை இரண்டு விரல் நீளத்துக்குப் பிரிந்து தொங்குகிறது. இரண்டு முறை அழுத்தி ஒட்டியும் சமைக்கும் ஆவியில் மறுபடி வருகிறது.

வயர்க்கட்டு:

அந்த ஒட்டுநாடாவை நம்ப வேண்டாம். ஸ்ட்ரிப்பை முழுதாக உரித்து எடுங்கள். அரை மீட்டர் அலுமினியச் சட்டம் ஒன்று வாங்கி, பால் நிற மூடி வைத்ததாகப் பார்த்து, இரண்டு முனையிலும் நடுவிலும் திருகு போட்டு அலமாரியில் இறுக்குங்கள். சட்டத்தின் உள்பக்கத்தைச் ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்ட்ரிப்பை அதற்குள் ஒட்டி, மூடியைச் சொருகிவிடுங்கள். பழைய பசை போயிருந்தால் சூடு தாங்கும் இருபக்க நாடா புதிதாகப் போடுங்கள். மூடி போட்டால் ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் எல்இடி மேல் படியாது, சூட்டை அலுமினியம் வாங்கிக்கொள்ளும். வயர் இணைகிற முனையை மட்டும் இழுவிசை படாமல் ஒரு கிளிப் போட்டுப் பிடித்து வையுங்கள், அங்கேதான் முதலில் விடும்.

சிறுகூடு:

சட்டம் வாங்கிவிட்டேன் அண்ணா, நாளைக்குத் திருகிவிடுகிறேன்.